கோப்பிக் கட்டையும் தேநீர் மேசையும்

சிம்மாசனங்களைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். கண்டியரசனின் அரியணையை ஒல்லாந்தர் கொடுத்தது, ஆங்கிலேயர் அதைக் கடல் கடத்திக் கொண்டுபோனது, 1934இல் அது திரும்பி வந்தது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் செய்திகள். ஆனால் நாலு பேர் சுற்றியிருந்து கோப்பியோ தேநீரோ அருந்தும் ஒரு தாழ்ந்த மேசைக்கும் சரித்திரம் உண்டென்று சொன்னால் நம்மவர் சிரிப்பர். அவ்வாறான ஒரு சரித்திரம் உண்டு. அது மலையக மக்களின் வாழ்வோடு வேரும் மண்ணுமாகப் பிணைந்திருக்கிறது.

வசதி படைத்தோர் வீடுகளில் இன்று ஒருவகை மேசை விருப்பத்தோடு வாங்கப்படுகிறது. பலகையின் விளிம்பை வாளால் நேராக அறுப்பதில்லை. பட்டையை மட்டும் உரித்து, மரம் வளர்ந்த வளைவையும் நெளிவையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பலகையில் வெடிப்போ பொந்தோ இருந்தால் மறைப்பதுமில்லை. அதற்குள் நிறக் கற்களை உடைத்து நிரப்பி, பசையால் இறுக்கி, வழுவழுப்பாகத் தேய்க்கிறார்கள். காண அழகான பொருள்தான். அதில் நமக்குச் சண்டையில்லை. நம் மலைநாட்டிலே இம்மேசைக்கு ஓர் உறவு உண்டு. பிடுங்கியெடுத்த பழந் தேயிலையின் அடிக்கட்டையைக் கிளையும் வேருமாகக் காலாக நிறுத்தி, மேலே பலகையோ கண்ணாடியோ பொருத்திய மேசை அது. தோட்டத்துப் பங்களாக்களிலும் சுற்றுலா விடுதிகளிலும் அதைப் பார்க்காதவர் குறைவு.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் பாதையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது கந்தப்பளை. பார்க், கோட்லொட்ஜ், கொன்கோடியா, எஸ்க்டேல் என்று சுற்றிலும் தேயிலை. இடையிடையே கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் தோட்டங்கள். மேலே கந்தப்பளை–சீத்தாஎலியாக் காட்டின் கருமை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து ஒரு சிற்றிரயில் இவ்வூர் வழியாக இராகலைக்கு ஓடியது. 1940களில் அதை நிறுத்திவிட்டார்கள்.

இவ்வூருக்கு அண்மையில், வீதியோரத் தகரக் கொட்டகை ஒன்றில், முதிய தச்சர் ஒருவர் தேயிலைக் கட்டையொன்றைக் கவிழ்த்து வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரோடு ஒரு முற்பகலைக் கழித்தேன். அவருடைய உளியைக் காட்டிலும் அவர் முன்னே கிடந்த கட்டை என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அதன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் தேயிலைக்கு முன்னே கோப்பிக்குப் போக வேண்டும்.

1820களில் கம்பளைக்கு அண்மையில் சிங்காப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் கோப்பி நட்டார். மற்ற உத்தியோகத்தர்களும் நட்டார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம் கண்டிய மக்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த காடுகளையும் சேனைகளையும் அரசுக்குச் சொந்தமாக்கிற்று. அரசு அவற்றைத் துரைமாருக்கு மலிவு விலையில் விற்றது. நிலம் சிங்கள விவசாயியிடமிருந்து வந்தது. உழைப்பு தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கிய கூட்டம் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் உடன் நடந்தன. 1840களில் மட்டும் இவ்வாறு வந்தவர்களில் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கக்கூடும் என்று அக்காலக் கொழும்பு ஆங்கில ஏடு ஒன்று கணக்கிட்டது. அது துரைமாரின் எதிரிகள் நடத்திய ஏடு அன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எஞ்சியவர்கள் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், குழி தோண்டினார்கள், கோப்பி நட்டார்கள். 1870ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் அந்தர் கோப்பி கொழும்பிலிருந்து கப்பலேறியது. 1870களின் கடைசியில் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் கோப்பி நின்றது.

நோய் அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே மஞ்சட் புள்ளிகள் தோன்றின. அவ்வாண்டிலேயே விஞ்ஞானிகள் அப்பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். பெயரின் பிற்பாதி ‘பாழாக்குவது’ என்று பொருள்படும். பெயரே போதிய எச்சரிக்கை! ஆனால் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏறுகையில் புள்ளியை யார் பார்ப்பார்? இன்னும் இன்னும் காடழித்து நட்டார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலார் இலங்கைக்கு வரவழைக்கப்பட்டு, இரண்டாண்டுக் காலம் அந்நோயை ஆராய்ந்தார். நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அவர் தெளிவாக்கினார். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதே அதற்கு வழியமைத்துக் கொடுத்தது என்பதும் புலனாயிற்று. மருந்து மட்டும் கிட்டவில்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. பத்து இலட்சம் அந்தராக இருந்த ஏற்றுமதி, 1890களின் தொடக்கத்துக்குள் அதன் பத்திலொரு பங்குக்கும் கீழே விழுந்தது.

மேசையின் கதை இங்கேதான் பிறக்கிறது. செத்த கோப்பி மரங்கள் மலை முழுவதும் நின்றன. தேயிலை நட வேண்டுமானால் அவற்றைப் பிடுங்க வேண்டும். கோப்பிக் கட்டை வெண்ணிறமானது, வைரம் பாய்ந்தது, இழை நெருக்கமானது. கிளை நறுக்கிப் பட்டை உரித்துக் காயவைத்தால் சிறிய கால்களுக்கு உகந்த மரம். அவ்வாறு உரித்த கட்டைகள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. எதற்கென்று நினைக்கிறீர்கள்? தேநீர் மேசைகளுக்குக் கால் செய்வதற்கு! இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் பலரும் இச்செய்தியைச் சற்றுப் புன்னகையோடு குறிப்பிடுவார்கள். கோப்பி செத்தது, அதன் எலும்பின்மேல் தேநீர்க் கிண்ணத்தை வைத்தார்கள். இலண்டன் மாளிகையில் அம்மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் இலங்கையில் நடந்த ஒரு பெரும் சரிவின் மீது முழங்கையை ஊன்றிக்கொண்டிருப்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

புன்னகையோடு எழுதியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். அக்கட்டைகளைப் பிடுங்கியவர் யார்? நட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே பிடுங்கினார்கள். கோப்பி வீழ்ந்தபோது பல தோட்டங்களில் மாதக்கணக்காகச் சம்பளம் கிடைக்கவில்லை. தோட்டம் முறிந்து கைமாறும்போது கடன் கொடுத்தவர்களெல்லாம் தத்தம் பங்குக்கு ஓடிவந்தார்கள். கூலிப் பாக்கிக்காரன் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். சம்பளத்தை மாதக் கணக்கிலே கணித்துக் குறித்த காலத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று 1889இல் 13ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் போட்டே சம்பளம் வாங்க வேண்டியிருந்த காலம் அது. வேலையை விட்டுப் போவதும் எளிதன்று. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறையும் உண்டு. அடுத்த தோட்டத்துக்குப் போவதற்குக் கடனைக் குறிப்பிடும் ‘துண்டு’ வேண்டும். அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. கோப்பிக் கட்டை கடல் கடப்பதற்கு எந்தத் துண்டும் தேவைப்படவில்லை. அதைப் பிடுங்கிய ஆள் பக்கத்து மலைக்குப் போவதற்குத் துண்டு தேவைப்பட்டது.

தேயிலையின் கதை யாவரும் அறிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது, 1895 அளவில் மூன்று இலட்சம் ஏக்கராயிற்று. கந்தப்பளை போன்ற உச்சி மலைகள் கோப்பிக்குக் குளிர் மிகுந்தவை. அதே குளிர் தேயிலைக்கு மணமாயிற்று. இவ்வூரின் ஹெதர்செட் தோட்டத்தை ‘பூப்பனி’ என்று நம் மக்கள் வழங்கினார்கள். அதைத் திறந்த துரையின் பெயர் ஃப்ளவர்டியூ. அவருடைய பெயரைத் தமிழில் பெயர்த்தே தோட்டத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள் போலும். துரையின் பெயரைக்கூடத் தம் மொழியில் சொல்லிப்பார்த்த அந்த மக்களின் நகைச்சுவையை நான் பெரிதும் மதிக்கிறேன். அத்தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டுக் கிடந்து, 1996இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் இன்று விருந்தினர் அறைகள்.

கோப்பி பருவத்துப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவோரே அதிகம், ஆண்களே பெரும்பாலோர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகவே குடும்பத்தோடு ஆட்களை மலையிலே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெண்களின் விரல்கள் வேண்டியதாயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக எழுந்தன. மலையக மக்களை நிலையான சமுதாயமாக்கியது இந்தச் செடியின் இயல்பு. அவர்களை நிலமற்ற சமுதாயமாக வைத்திருந்தது செடியின் இயல்பன்று. அது முதலாளியின் இயல்பு.

இனி, தச்சர் முன்னே கிடந்த கட்டைக்கு வருவோம். தேயிலை உண்மையில் மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்கும் மேலே வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி அதை இடுப்பளவில் அடக்கிவைக்கிறார்கள். வெட்டுண்ட இடத்தில் முடிச்சு. அதிலிருந்து இரண்டு கிளை. மறு வெட்டில் அவற்றிலும் முடிச்சு. நூறாண்டு கழிந்த செடியின் கட்டை முழங்கையும் மூட்டுமாக, பக்கவாட்டிலே விரிந்து கிடக்கும். வெட்டெல்லாம் ஒரே மட்டத்தில் விழுவதால் கிளை நுனிகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். கொழுந்தெடுக்கும் அம்மட்டமான மேற்பரப்பைத் துரைமார் தம் தொழில்மொழியில் ‘மேசை’ என்றே குறிப்பிட்டார்கள். தச்சன் கை வைப்பதற்கு நூறாண்டு முன்பிருந்தே கவ்வாத்துக்காரன் மேசை செய்துகொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையன்று.

எல்லாத் தேயிலையும் இதற்கு ஆகாது. பழந் தேயிலை விதையிலிருந்து முளைத்தது, ஆணிவேர் ஆழமாக இறங்கும், அடி பருக்கும். 1950களுக்குப் பின், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த இனங்களைத் துண்டிலைக் கன்றுகளாக நடும் முறை பரவிற்று. அவற்றில் விளைச்சல் அதிகம். ஆனால் ஆணிவேர் இல்லை, அவ்வளவு பருமனான அடியுமில்லை. பழைய மலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போதே மேசைக் கட்டை கிடைக்கிறது. அலவாங்கும் கோடரியுமாக வேரோடு கல்லியெடுப்பது கடுமையான வேலை. மண்ணிலே வேர்த்துண்டு தங்கினால் வேர்நோய் புதுச் செடியைத் தொற்றும் என்பதால் முழுவதையும் எடுத்தாக வேண்டும். அதன்பின் நிலத்துக்கு ஓய்வு. குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு ஆண்டு விட்டுவைப்பார்கள். பிடுங்கிய மனிதனுக்கு அத்தகைய ஓய்வு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

கட்டையை மேசையாக்கும் விதத்தைத் தச்சர் பொறுமையாகச் சொன்னார். முதலில் மண்ணைக் கழுவிப் பட்டையை உரிக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போதே உரித்தால் சுலபம். பிறகு நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், கட்டை வெடிக்கும். வெட்டுவாய்களில் மெழுகு பூசினால் ஈரம் மெல்ல வெளியேறும். பலகைக்கு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. காய்ந்தபின் கட்டையைச் சமதரையில் நிறுத்தி, ஒரு தக்கையின்மேல் பென்சிலை வைத்துச் சுற்றிவரக் கோடிட்டு அறுத்தால் அடி மட்டமாகும். மேற்பலகை யூகலிப்டஸாயினும் வேறு மரமாயினும் விளிம்பின் வளைவைக் கெடுக்காமல் இழைத்து, வெடிப்பு ஓடும் இடத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பூட்ட வேண்டும்.

கல் பதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மரம் உயிரற்ற பின்னும் அசைகிறது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். கல் அசையாது. பெரிய கல்லை மரத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தினால் ஒருநாள் மரம் பிளக்கும். அதனால்தான் கல்லைப் பொடித்துச் சிறு துண்டுகளாகப் பசையிலே குழைத்து நிரப்புகிறார்கள். கந்தப்பளை மூடுபனியில் காய்ந்த பலகை, கொழும்பு வீட்டின் மின்விசிறியின் கீழே போனால் படும்பாடு வேறு. “இங்க நல்லா இருந்த மேசை அங்க போயி வாய் பிளந்துருச்சுன்னு திட்டுறாங்க தம்பி. மேசையா பிளந்துச்சு, ஊரு மாறுனதுதான் பிளந்துச்சு” என்றார் அவர்.

ஆக்ராவிலே ஷாஜகான் காலத்துச் சிற்பிகள் கல்லில் கல்லைப் பதித்தார்கள். பளிங்கைக் குடைந்து, நிறக் கல்லை இதழ் இதழாக அரம் வைத்து அறுத்துப் பொருத்தினார்கள். இரண்டும் கல்லாதலால் ஒன்றோடொன்று பகைப்பதில்லை. நம் தீவின் காலிப் பகுதித் தச்சர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மரத்தில் மரத்தைப் பதித்தார்கள். கருங்காலி, முதிரை, பலா, தென்னை, கலுமெதிரிய என்று இத்தீவின் மரங்களையெல்லாம் கதிர் கதிராக அடுக்கிய வட்ட மேசைகள் அவர்களின் கைவேலை. அவற்றை வாங்கியோர் ஐரோப்பியர். கலுமெதிரிய மரம் அவ்வாறு வெட்டுண்டே அரிதாயிற்று. இவ்வேலை செய்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? தாஜ்மகாலைப் பார்ப்பவன் ஷாஜகான் பெயரைச் சொல்கிறான். காலி மேசையை ஏலம் விடுபவன் அதை வைத்திருந்த தேசாதிபதியின் பெயரைச் சொல்கிறான்.

தேயிலைக் கட்டையில் கல் பதிப்பதற்கு வேறொரு முறையும் இருக்கிறது. தச்சர் முன்னே கிடந்த கட்டையில் அதைக் கண்டேன். இரண்டு வேர்கள் பிரியும் கவட்டில், கோழிமுட்டை அளவான வெண்கல் ஒன்று இறுகியிருந்தது. மலைச்சரிவின் மண்ணிலே இறங்கிய இளவேர் வழியில் கிடந்த கல்லைச் சுற்றிக்கொண்டு வளர்ந்து, பருத்து, விழுங்கிவிட்டிருக்கிறது. உளியின் தடம் இல்லை, பசையும் இல்லை. அக்கல்லை நெம்பியெடுத்து அவ்விடத்தில் நீலக்கல் தூள் நிரப்பித் தரும்படி வாங்குபவர் கேட்டிருக்கிறாராம். “எடுத்தா வேரு ரெண்டும் விட்டுப்போகும். கல்லுதான் இப்ப அதப் புடிச்சு வச்சிருக்கு” என்று சொல்லி, அவர் அதை எடுக்காமல் மேலாகத் தேய்த்து மெருகிட்டுக்கொண்டிருந்தார். நுவரெலியாச் சமவெளியில் முற்காலத்தவர் இரத்தினம் தேடித் தோண்டிய குழிகளைப் பற்றிச் சாமுவேல் பேக்கர் 1850களில் எழுதினார். இது இரத்தினமன்று, சாதாரணப் படிகக் கல். கான் வெட்டும்போதும் முள்ளுக் குத்தும்போதும் கையில் அகப்பட்டு ஓரமாக எறியப்படுவது.

அத்தச்சரின் சொந்த வீடு லயத்தில் ஒரு காம்பரா. அங்கே மேசை இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, பிணத்தையும் கிடத்த வேண்டியவர்களுக்குக் கிண்ணம் வைப்பதற்கென்றே தனியாக ஒரு மேசை போட இடமேது? சாயத்தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புப் படியில் அமர்ந்து குடிப்பதே வழக்கம். தேயிலை மரப்பெட்டியில் ஏற்றுமதியான காலத்தில், உடைந்த பெட்டிப் பலகையே தட்டும் அலுமாரியுமாயிற்று. சாக்குப்பைகள் வந்தபின் அதுவுமில்லை. தேயிலை மரத்தில் தொழிலாளிக்கு உரிமையாகக் கிடைப்பது கவ்வாத்து மிலாறு, அடுப்பெரிக்க உதவும். அடிக்கட்டை தோட்டத்துக்குச் சொந்தம். அக்கட்டையின் கீழிருந்த மண்ணும் அவ்வாறே. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. எக்காலத்திலும் லயத்துக் காம்பராவின் உறுதி குடியிருப்போன் கையில் இருக்கவில்லை. ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் என்னும் திட்டம் அண்மைக் காலத்தில் சிலருக்கே எட்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாமென்று ஒதுக்கிவைத்தது. தலைமன்னார்க் கரையில் மீண்டும் கூட்டம் கூடியது. இம்முறை எதிர்த்திசையில். தகரப் பெட்டியோடும் பாய்ச் சுருளோடும் இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாட்டு அரசின் புதுத் தோட்டங்களில் மறுபடியும் தேயிலை நட்டார்கள். இங்கே தங்கியவர்களில் குடியுரிமையின்றி நின்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்தது. 2023இல், இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் திரும்பவும் நடந்தார்கள். நில உரிமை அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது.

நான் புறப்பட்டபோது பிற்பகல் மூடுபனி இறங்கிவிட்டது. கொட்டகையின் பின்புறத்தில் மேசைக்கு ஆகாதவையென்று கழித்த கட்டைகள் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எதிர்மலையிலிருந்து வேலை முடிந்து வந்த பெண்ணொருத்தி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, அக்குவியலில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “இதை எடுத்துக்கவா தாத்தா? அடுப்புக்கு மிலாறு பத்தல” என்றாள். “எடுத்துக்க. ஈரமா இருக்கும், ரெண்டு நாளு அடுப்பு மேல வை” என்றார் தச்சர், தலையை நிமிர்த்தாமல்.